கொட்டாரம் போன வார்டு கண்ணாடி

காலை ஆறே முக்கால் மணி. கண் வார்டின் வராந்தாத் தூணில் ஒரு செவலைக் கன்றுக்குட்டி கட்டப்பட்டிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கழுத்தில் புதுக்கயிறு. கதவுக்குள் தலையை நீட்டி வார்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரவு டியூட்டி முடித்து வெளியே வந்த நர்ஸ், "எட்டாம் பெட்டுக்கு விசிட்டர் வந்திருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அது 1953, பங்குனி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. எங்கள் வார்டில் சனிக்கிழமை என்றால் கண்ணாடி போட்டுப் பார்க்கும் நாள். அன்றைக்குக் கன்றுக்குட்டி வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. முந்தின சனிக்கிழமை ஒரு முழுப் பலாப்பழம் வந்திருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் என் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். காலையில் போனேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். கண்ணுக்குள்ளேயே ஒரு வில்லையை வைத்துவிட்டார்கள். ஓய்வூதியர்களுக்கான சர்க்கார் காப்பீட்டு அட்டையைக் காட்டினேன், ஆபரேஷனுக்குக் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கிளம்பும்போது, வாசிக்கக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் இதுல வரும்மா. கண்ணாடி வராது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "இப்போ சிரிக்கலாமா?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் ஆபரேஷனுக்கும் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். கூட்டம் கூடிவிட்டது. எழுதிக் கொடுங்கள், எங்கள் ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள்.

நர்ஸ் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கை விரிக்க, ஊசியைக் கொதிக்கவைக்க, டாக்டர் பேசும்போது வாய் திறக்காமல் நிற்கக் கற்றுத் தந்தார்கள். மூன்றாவதுதான் எனக்கு வர நாளானது. நாடு சுதந்திரம் அடைந்த வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நாஞ்சில் நாட்டில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி. கண் வார்டுக்குப் போக யாரும் விரும்பவில்லை, அங்கே ஒன்றும் நடக்காது என்றார்கள். என்னை அங்கே போட்டார்கள்.

அன்றைய புரை ஆபரேஷன் எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். முதல்நாளே நோயாளியின் இமை முடியைக் கத்தரிப்போம். மறுநாள் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து. டாக்டர் மெல்லிய கத்தியால் கருவிழியின் ஓரத்தைப் பாதி வட்டமாகத் திறப்பார். முற்றிய புரை வெளியே வரும். தோல் நீக்கிய மொச்சைப் பயறு மாதிரி, பழுப்பு நிறம். அவ்வளவுதான். அந்த நாளில் எங்கள் ஆஸ்பத்திரியில் வெட்டின இடத்துக்குத் தையல் கிடையாது. தானாக ஒட்ட வேண்டும். அது ஒட்டும்வரை இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலையணை கிடையாது. தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல்பை. கஞ்சியை மூக்கு வைத்த கிண்ணத்தில் ஊற்றி வாய்க்குள் விடுவோம்.

இருமக் கூடாது. தும்மக் கூடாது, ஆகவே பொடி கிடையாது. மெல்லக் கூடாது, ஆகவே வெற்றிலை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், வெட்டுவாய் திறந்துகொள்ளும்.

வார்டில் இருந்தவர்களோ எழுபது வயதுக்காரர்கள். கண்ணைத் தவிர உடம்பில் ஒரு குறையும் இல்லை. வேலையும் இல்லை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு மட்டும். கண் கட்டப்பட்ட நாஞ்சில் நாட்டுக்காரர்களைப் பேச வேண்டாம் என்று யாரால் தடுக்க முடியும்?

எங்கள் டாக்டர் வடக்கே, மலையாளப் பக்கமிருந்து வந்தவர். தமிழில் பாதி மலையாளம் கலந்து பேசுவார். நெட்டையான உருவம், இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு. வார்டுக்குள் அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. தாங்க முடியாமல் ஏதாவது காதில் விழுந்தால், "ஒரு நிமிஷம், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வராந்தாவின் கடைசிக்குப் போவார். அங்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதைப் பார்த்தபடி நிற்பார். முதுகு குலுங்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் போலத் திரும்பி வருவார்.

நோயாளிகளை அமைதியாகப் படுக்கவைக்க அவர் கண்டுபிடித்த வழி செய்தித்தாள். தினமும் காலையில் நான் உரக்க வாசிக்க வேண்டும். ஆனால் சிரிப்பு மூட்டும் செய்தி கூடாது. அழவைக்கும் செய்தி கூடாது. கோபம் வரும் செய்தியும் கூடாது. முதல் மாதத்தில் அரசியல் போயிற்று. தேங்காய் விலையைக் கேட்டு ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டதால் அங்காடி நிலவரமும் போயிற்று. கடைசியில் மிஞ்சியது வானிலையும் 'காணவில்லை' விளம்பரமும்தான். எது செய்தி, எது அலங்காரம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

"சிஸ்டரம்மா, அந்த காணவில்லையில எனக்க பெஞ்சையும் போடச் சொல்லணும் கேட்டியளா" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வரும். அது செல்லம்மை.

செல்லம்மைக்கு எழுபதை ஒட்டிய வயது. கொட்டாரம் சந்திப்பில் ஒரு சாயாக்கடை வைத்திருந்தவர். கணவர் இறந்த பிறகு தனியாகவே நடத்தினார். கண் மங்கியதும் பால் பொங்குவது தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டார். திருவனந்தபுரத்தில் மில் வேலையில் இருந்த மகன் பொன்னையா ஓடிவந்து கடையைப் பூட்டினான். பூட்டிக் கிடந்த நாட்களில் வாசல் பெஞ்சு காணாமல் போனது.

"நல்ல அயனி மரத்துப் பலகை பெஞ்சு. நாலு பேரு சேந்தாத்தான் தூக்க முடியும். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு எவனோ எடுத்திருக்கான். எட்டாம் பெட்டுல கெடக்க வேலாயுதத்துக்குத் தெரியாம இருக்காது. எனக்க கடைக்கு நேர் எதிர்லதான் அவனுக்க வீடு. ஏ வேலாயுதம்! பெஞ்ச யாரு எடுத்தான்னு பாத்தியா?"

கொட்டாரத்து வேலாயுதம் விவசாயி. தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொல்பவர். செல்லம்மையின் சாயாவில் பாலைவிடப் பேச்சுதான் அதிகம் என்பார். செல்லம்மை விடமாட்டார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எட்டாம் பெட்டிலிருந்து நேரான பதில் வந்ததே இல்லை.

"எனக்கும் கண்ணு கட்டியிருக்குல்லாட்டி" என்று ஒருமுறை சொன்னார் வேலாயுதம்.

"பெஞ்சு போனது போன வருசம்லா?"

அன்று டாக்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டியதாயிற்று.

இனி கண்ணாடி விஷயம். புரையை எடுத்தால் கண்ணின் வில்லையே போய்விடுகிறது. அதற்குப் பதிலாகத் தடித்த கண்ணாடி ஒன்று போட வேண்டும். போடாவிட்டால் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. வாசல் எது, சுவர் எது என்று சொல்லலாம். வாசலில் நிற்பது யார் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்குக் கட்டில் இலவசம், ஆபரேஷன் இலவசம், சொட்டு மருந்து, பஞ்சு, பால், ரொட்டி எல்லாம் இலவசம். கண்ணாடி கிடையாது. டாக்டர் மேலிடத்தில் கேட்டிருக்கிறார். கண்ணாடி மருந்தும் அல்ல, கருவியும் அல்ல, உடம்பில் அணியும் பொருள் என்று பதில் வந்தது. சட்டையையும் செருப்பையும் ஆஸ்பத்திரி தருவதில்லை அல்லவா? பரிசோதனை செய்து பார்க்க வார்டுக்கு ஒரே ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்றார்கள்.

"எடுக்கறதுக்கு சர்க்காருண்டு. பாக்கறதுக்கு சர்க்காரில்லா, அல்லே சிஸ்டர்?" என்றார் டாக்டர். இதைச் சொல்லும்போது அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை.

அதுதான் வார்டு கண்ணாடி. வட்டமான கறுப்புச் சட்டம், நடுவில் புடைத்த கண்ணாடி, பின்னால் கட்ட ஒரு நாடா. புரை எடுத்த கண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏறக்குறைய ஒரே பவர் பொருந்தும். ஆகவே யாருக்குப் போட்டாலும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். சனிக்கிழமை காலையில், வீட்டுக்குப் போகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்குச் சிறிது நேரம் போடுவோம். டாக்டர் விரலைக் காட்டிக் கேட்பார். பிறகு கழற்றி அடுத்தவருக்கு.

அந்தச் சிறிது நேரத்தில் எதைப் பார்ப்பது என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் அதைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, ஆனால் அது எங்கள் வார்டின் வழக்கமாகிவிட்டது. மணவாளக்குறிச்சியிலிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர் கடலைப் பார்க்க வேண்டும் என்றார். கடலைக் கொண்டுவர முடியாது என்பதால் பேரன்மார் ஒரு பெரிய நெய்மீனைக் கொண்டுவந்தார்கள். கோட்டாற்றுத் துணி வியாபாரி மீரான் பிள்ளை தன் மகனைப் பார்த்து, "இது ஆரு?" என்றார்.

"நாந்தான் வாப்பா."

"ஒனக்கு எப்பலே நரை விழுந்திச்சு? நான் பாக்காத நேரம் பாத்து கெழவனாயிட்டியா?"

வசதியுள்ளவர்கள் திருவனந்தபுரத்தில் சொல்லிக் கண்ணாடி செய்துகொண்டார்கள். மற்றவர்கள் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் கன்றுக்குட்டிச் சனிக்கிழமை வார்டில் மீதமிருந்தவர்கள் இருவர்தான், வேலாயுதமும் செல்லம்மையும். சித்திரை வெயிலில் ஆபரேஷன் கிடையாது, பிறகு மழை. ஆவணி வரை வார்டு காலி.

செல்லம்மை எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு கிளாசும் கொதிக்கிற பாலும் மட்டும் வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார். பொன்னையா ஒரு நிபந்தனை வைத்திருந்தான். கண் தெரிந்து, கையைச் சுடாமல் அவர் ஒரு சாயா போட்டதாக வார்டில் சொன்னால் கடையைத் திறக்கலாம். இல்லாவிட்டால் அவனோடு திருவனந்தபுரம் போக வேண்டும். அன்று மத்தியானம் கொட்டாரத்தில் வண்டியோடு நிற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

"எனக்க மவன் நல்லவன்தான்" என்றார் என்னிடம். "ஆனா அவனுக்க வீட்டுல எனக்கு என்ன சோலி? ஒரு சன்னலு இருக்காம், அதுக்கிட்ட இருக்கலாமாம். கண்ணு தெரியாதவளுக்கு சன்னலு என்னத்துக்கு சிஸ்டரம்மா?"

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். வேலாயுதத்துக்கு நாடாவைக் கட்டினேன். கன்றை வராந்தாவில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவருக்குக் கண் தெரியாத நாளில் பிறந்த கன்று. தடவிப் பார்த்திருக்கிறார், பார்த்ததில்லை.

"சுட்டி இருக்கு!" என்றார். "ஏலே, சுட்டி இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலியே!"

அவர் கைகளை நீட்டிக்கொண்டு சத்தம் போட்டதில் கன்று மிரண்டது. மகனின் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு வராந்தாவிலிருந்து குதித்தது. வேலாயுதமும் எழுந்து பின்னால் ஓடினார். மருந்துக் கூடத்தைச் சுற்றி, துணி காயும் கொடிக்குக் கீழே, கேட்டைத் தாண்டி ஓடினார். கட்டிலை விட்டிறங்க இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டவர் அவர். மகன் அவருக்குப் பின்னால் ஓடினான். நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெருக்கோடியில் கன்றைப் பிடித்து வில்வண்டியில் ஏற்றுவது தெரிந்தது. வேலாயுதம் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். வண்டி போய்விட்டது.

டாக்டர் தன் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "கண்ணாடி எவிட?" என்றார்.

செல்லம்மைதான் முதலில் கேட்டார். "போட்டுட்டுப் போயிட்டானா?"

போட்டுக்கொண்டே போய்விட்டார். அதில் தந்திரம் எதுவும் இல்லை. கையில் ஒரு பொருள் இருந்தால் கண்ணில் படும், திருப்பிக் கொடுக்கத் தோன்றும். கண்ணிலேயே இருப்பது எப்படிக் கண்ணில் படும்?

டாக்டர் வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டு வந்தார். "சிஸ்டர், கண்ணாடி கொட்டாரம் போயி. ரோகியும் கொட்டாரம் போகட்டே. நிங்ஙளும் போகணும். டெஸ்ட் அங்கே நடத்தி, முடிஞ்சா கண்ணாடி கொண்டு வரணும்" என்றார்.

செல்லம்மையின் கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்புக் கட்டி, பஸ் ஏறினோம். சுசீந்திரம் தாண்டியது. "பொன்னையா வண்டி கொண்டாந்திருப்பான்" என்றார் செல்லம்மை. அவ்வளவுதான்.

வேலாயுதம் வீட்டு வாசலில் இருந்தார். முகத்தில் கண்ணாடி இல்லை.

"எங்கே பாட்டா கண்ணாடி?"

"எதுக்குப் பதறுகிய சிஸ்டரம்மா? பத்திரமா இருக்கு. நம்ம கீழத்தெரு யோசேப்புக்கு போன வருசம் இதே ஆபரேஷன் நடந்துல்லா? பாவம், அதுக்குப் பொறவு ஒண்ணுமே பாக்கல்ல. ஒருக்கா பாத்துட்டுத் தாரேன்னான்."

யோசேப்பு முன்னாளில் வண்டியோட்டி. அவர் தன் பழைய காளைகளை வாங்கியவரின் வீட்டுத் தொழுவில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி அவரிடமும் இல்லை. "ரெண்டும் என்னை மறக்கல்ல" என்று காளைகளைக் காட்டினார். "கண்ணாடியா? அத வாத்தியார் வாங்கிட்டுப் போனாரு. அவருக்கும் புரை எடுத்தது நம்ம டாக்டரய்யாதான்."

ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியாரைத் தேட வேண்டியிருக்கவில்லை. சந்திப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது. செல்லம்மையின் பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்து, வார்டு கண்ணாடியோடு, அன்றைய செய்தித்தாளை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். நான் வருஷக்கணக்காக வாசிக்காமல் விட்ட அத்தனையையும் அவர் வாசித்தார்: அரசியல், அங்காடி நிலவரம், துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம். ஒன்றையும் விடவில்லை.

"வாத்தியாரய்யா, கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு வேணும்" என்றேன்.

"இந்தப் பத்திய முடிச்சிரட்டும் மக்கா. நடுவுல விட்டா என்ன ஆச்சுன்னு நாளு முழுக்கத் தோணும்."

முடித்தார். கழற்றித் துடைத்து, என் கையில் வைத்தார். அதற்குள் வேலாயுதமும் யோசேப்பும் எங்களுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்தார்கள். சாமான் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி கடைக்குப் பக்கத்தில் நின்றது. அதில் பாத்திரங்கள், ஒரு பாய்க்கட்டு, உரல். வண்டிக்குப் பக்கத்தில் பொன்னையா.

செல்லம்மையைப் படியில் உட்காரவைத்துப் பச்சை மறைப்பை எடுத்தேன். கண்ணாடியை வைத்து நாடாவைக் கட்டினேன். அவர் முதலில் மகனைப் பார்த்தார். பிறகு தன் கடைப் பூட்டைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ வேலாயுதம்."

"என்னட்டி?"

"ஒனக்க தொழுவுல கன்னுக்குட்டிய எதுலலே கட்டியிருக்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வெள்ளைச் சுட்டிக் கன்று ஒரு பெஞ்சின் காலில் கட்டப்பட்டிருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அயனிப் பலகை பெஞ்சு.

"வெயில்ல கெடந்து வெடிக்குதேன்னு நெழலுல போட்டேன்" என்றார் வேலாயுதம்.

"ஒரு வருசமாவா நெழலு பிடிக்கி?"

அவரே முன்னின்று, கன்றை அவிழ்த்துவிட்டு, மூன்று பேரைக் கூட்டிப் பெஞ்சைத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டார். செல்லம்மை அவரிடம் ஒரு செம்பு பாலும் வேண்டும் என்றார். மறுபேச்சில்லாமல் கொண்டுவந்தார். பொன்னையா கடையின் பூட்டைத் திறந்தான். வண்டியிலிருந்து ஒரு பாத்திரமும் இரண்டு கிளாசும் இறங்கின. அடுப்பு பற்றவைக்கப்பட்டது.

பால் அடுப்பில் ஏறியது. செல்லம்மை பக்கத்தில் நின்றார். கூட்டம் அடுப்பைச் சுற்றிக்கொண்டது. நான் பாத்திரத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் எழும்பி, விளிம்பைத் தொடும் முன் அவர் துணியால் பிடித்து இறக்கிவிட்டார். சொட்டுக்கூட வழியவில்லை. பொன்னையா அதைப் பார்த்தான்.

அடுத்தது ஆற்றுவது. வலது கையை மேலே தூக்கி ஊற்றினார். சாயா கிளாசுக்கு வெளியே, பெஞ்சின் மேல் விழுந்தது.

இது நான் எதிர்பார்த்ததுதான். அந்தத் தடித்த கண்ணாடியில் எல்லாம் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். கை எங்கே போக வேண்டும் என்று பழக வாரங்கள் ஆகும். வார்டில் நாங்கள், விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டு ஊற்றச் சொல்லிக்கொடுப்போம். இதை நான் பொன்னையாவிடம் சொன்னேன்.

"தொட்டுக்கிட்டு ஊத்துனா கை வெந்துரும் சிஸ்டர்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "அம்மோ, போதும். வண்டியில ஏறு."

செல்லம்மை ஏறவில்லை. இரண்டாவது கிளாசை எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே கையைத் தூக்கினார். சாயா ஒரு முழ நீளத்துக்குக் கயிறாக இறங்கிக் கிளாசின் நடுவில் விழுந்தது. திரும்ப ஊற்றினார். மறுபடியும். ஒரு துளி கீழே போகவில்லை. கண் மங்கிய காலமெல்லாம் அவர் அப்படித்தான் ஆற்றிக்கொண்டிருந்தார். அவரைச் சுட்டது பொங்கிய பால்தான்.

வாத்தியார் கைதட்டினார். பொன்னையா மட்டும் விடவில்லை.

"கண்ண மூடிட்டு ஆத்துகதுக்கு, கண்ணாடி என்னத்துக்கு அம்மோ?"

"ஆத்துகதுக்கு இல்லலே. பால எறக்க. பொறவு, எனக்க பெஞ்ச எவன் தூக்குகான்னு பாக்க."

முதலில் சிரித்தவன் பொன்னையாதான். பிறகு வேலாயுதம் சிரித்தார். புரை எடுத்தவர்கள் நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை நான் பார்த்தேன். வெட்டுவாய் ஒட்டிவிட்டது, சிரிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கை அனிச்சையாக மணல்பையைத் தேடியது. பொன்னையா வண்டிக்காரனைப் பார்த்து, "எறக்கு மக்கா" என்றான். முதலில் உரல் இறங்கியது.

சாயங்காலம் நான் வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். டாக்டர் கையை நீட்டினார்.

"டெஸ்ட் முடியவில்லை, சார்."

"எந்து பற்றி? என்ன ஆச்சு?"

பாலைப் பொங்காமல் இறக்கியதையும், முதல் சாயா பெஞ்சில் விழுந்ததையும், இரண்டாவது கண்ணை மூடியபடி கிளாசில் விழுந்ததையும், பெஞ்சு கிடைத்ததையும் சொன்னேன். வாத்தியார் இன்னும் இரண்டு பக்கம் வாசிக்க வேண்டியிருக்கிறது என்றேன். டாக்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். அதுவரை பார்த்ததில் அதுதான் அதிக நேரம்.

திரும்பி வந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "பரிசோதனைக்கு வைக்கலாம்னு ரூலுண்டு. பரிசோதனை எத்ர நாள்னு ரூலில்லா. நடக்கட்டே" என்றார்.

ஆவணியில் வார்டு திறந்தபோது புதிதாக ஒரு கண்ணாடி இருந்தது. டாக்டர் தன் கைக்காசில் வாங்கியது. மீரான் பிள்ளை காலமானதும் அவர் மகன் வாப்பாவின் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தான். அது மணவாளக்குறிச்சிக்கு 'டெஸ்டுக்கு' போனது. பிறகு இன்னும் சில வந்தன, அதே மாதிரி போயின. கோவில் மடைப்பள்ளி, ரேஷன் கடை, பாதிரியார் வீடு என்று ஊருக்கு ஓர் இடம். சனிக்கிழமைகளில் எங்கள் வராந்தாவுக்குக் கன்றுக்குட்டி வருவது நின்றுவிட்டது. போகும் ஊரில் கண்ணாடி இருக்கிறது, அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

1956 நவம்பரில் எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆஸ்பத்திரிச் சாமான்களைச் சரிபார்க்கப் புது அதிகாரி ஒருவர் வந்தார். வயதானவர், பொறுமையானவர். கட்டில்களை எண்ணினார், மணல்பைகளை எண்ணினார். பிறகு வார்டு கண்ணாடியைக் கேட்டார்.

"டெஸ்டில் இருக்கு" என்றார் டாக்டர்.

"எந்த நோயாளிக்கு?"

"கொட்டாரத்துக்கு."

அதிகாரி தன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி டாக்டரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ராஜ்யத்திலும் நோயாளிகளுக்குக் கண்ணாடி கொடுக்க வழியில்லை என்றார். "டெஸ்ட் முடிஞ்சதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் டாக்டர் என்னைப் பார்த்தார். தொட்டிப் பக்கம் போக அவருக்கு அன்று வழியில்லை.

அந்த மாதமே கன்னியாகுமரி போகும் வழியில் கொட்டாரத்தில் பஸ் நின்றது. சாயா குடிக்க இறங்கினேன். பொன்னையா வாங்கி அனுப்பிய கண்ணாடி செல்லம்மையின் முகத்தில் இருந்தது. வார்டு கண்ணாடி கடைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அதை எடுக்க வாத்தியார் செய்தித்தாளோடு எழுந்தார். யோசேப்பு அதைப் போட்டுக்கொண்டு, ரோட்டில் போகும் காளைகளைப் பார்த்துவிட்டு வந்து அப்போதுதான் மாட்டியிருந்தார். செல்லம்மை கண்ணைத் திறந்துகொண்டே எனக்குச் சாயா ஆற்றினார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதன் ஒரு கால், கன்று கட்டியிருந்த பழைய கயிற்றால், கடைத் தூணோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.